ஏழாம் வேளை

மருந்துச் சீசாவில் காகிதம் ஒட்டுவதும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ஒட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு காலிச் சீசாவும் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் தண்ணி மருந்தை ஊற்றித் தருவார். ஒரு வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று தெரிவதற்காக, ஒரு காகிதத் துண்டின் விளிம்பில் இடைவெளி விட்டுச் சிறு சிறு வெட்டுகளாக வெட்டி, பசை தடவிச் சீசாவின் வெளிப்புறம் ஒட்டுவார்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேளை மருந்து. வேறு ஊர்களில் கண் மதிப்பில் வெட்டுவார்கள். கடைசி வேளைக்கு ஒரு சொட்டு மிஞ்சும், அல்லது ஒரு மடக்கு குறையும். இவர் வெட்டினால் கடைசி வெட்டும் சீசாவின் அடியும் ஒன்றாக முடியும்.

"ஆறு வேளை. அத்தோட சரி" என்று ஜன்னல் கம்பி வழியே நீட்டுவார். "ஏழாவது வேளைக்கு வந்து நிக்கப்படாது. சீசாவைக் கழுவிட்டுக் கொண்டாங்க. காகிதம் ஒட்டியிருக்கப்படாது."

சங்கரன்கோவிலில் அவரை எல்லாரும் கம்பவுண்டர் என்றே சொன்னார்கள். எனக்கு அவர் அண்ணாச்சி. பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒடிசலான ஆள். விரல் நுனிகளில் டிங்சர் கறை. பக்கத்தில் போனால் ஓமத்தண்ணீர் மணக்கும். வரிசையில் நிற்பவர்களை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கையை நீட்டுவார்; கையில் சீசா வர வேண்டும். முகத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார், சீசா என் பொறுப்பு என்பது அவர் கட்சி.

எதையும் முடித்துவிட வேண்டும் அவருக்கு. முடிந்த பிறகு ஒரு நிமிஷம் அங்கே நிற்க மாட்டார். கல்யாண வீட்டில் மூன்றாம் முடிச்சு விழுந்ததும் செருப்பைத் தேடுவார். ஆடித்தபசு அன்று தேரடியில் எள் போட்டால் எண்ணெய் வழியும் கூட்டத்தில் எங்களோடு நசுங்கிக்கொண்டு நிற்பார். அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுத்த அந்தக் கணமே திரும்பிவிடுவார். ஊரே முன்னால் முண்டிக்கொண்டிருக்கும்போது அவர் ஒருத்தர் மட்டும் எதிர்த்திசையில் முழங்கையால் வழி உண்டாக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"பாத்தாச்சு. இனி என்னத்தப் பாக்கணும்?" என்பார்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். "எங்க கல்யாணத்துலயே மூணாவது முடிச்சு போட்டதும் எந்திரிக்கப் பாத்தாக. ஐயர்தான் வேட்டியப் பிடிச்சு உக்கார வச்சாரு" என்று மதினி சொல்வாள். அவர் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு தொடர்கதை எழுதினார்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. வடக்கு ரத வீதியில் ஒரு மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து வாசகசாலை வைத்திருந்தோம். அதிலிருந்து மாதம் இருமுறை ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவந்தோம். மொத்தம் ஒரே ஒரு பிரதிதான். என் கையெழுத்து கோணாது என்பதால் முழுப் பத்திரிகையையும் நான்தான் எழுதுவேன். அது வாசகசாலையில் இரண்டு நாள் கிடக்கும்; பிறகு வீடு வீடாகச் சுற்றும். நெசவாளர் தெருவில் ஒருவர் படிக்க, தறியில் இருப்பவர்கள் கேட்பார்கள். திங்கட்கிழமை அன்று வத்தல் மண்டிக்கு வரும். அங்கே கணக்கப்பிள்ளை உரக்கப் படிப்பார். சுற்று வட்டாரத்திலிருந்து மிளகாய் வத்தல் கொண்டு வந்த வெள்ளாமைச் சம்சாரிகள் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பார்கள். மண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் கம்பவுண்டர்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எழுத ஆரம்பிக்கும் முன்பே பன்னிரண்டு அத்தியாயம் என்று தீர்மானித்துவிட்டார். எழுதும் பலகையின் ஓரத்தில், சீசாவுக்கு ஒட்டுவதுபோலவே, பன்னிரண்டு வெட்டு வெட்டிய காகிதம் ஒன்றை ஒட்டிவைத்தார். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு வெட்டுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. அதைவிட விசேஷம், கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டார். பார்லி வந்த காலித் தகர டப்பாவில் அதை மடித்துப் போட்டு மூடி, மருந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். எனக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டினார். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கதை சின்னக் கதை. கரிசல் காட்டில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. முறை வைத்துக் கமலை கட்டித் தண்ணீர் இறைப்பார்கள். ஒரு கோடையில் தம்பியின் முறையில் அண்ணன் மாட்டைக் கட்டிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் கிணறு ஒன்று, வரப்பு ஒன்று. பேசாமல் எப்படிச் சம்சாரித்தனம் பண்ணுவது? இரண்டு காட்டுக்கும் கஞ்சிக் கலயம் கொண்டுவரும் கூலிக்காரி பேச்சி என்று ஒருத்தி. அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். நான்காம் அத்தியாயத்தில் பேச்சியைப் பாம்பு கடிக்கும், சாவாள். இனிச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. அண்ணனும் தம்பியும் தாங்களே வாயைத் திறந்தாக வேண்டும். மெல்ல மெல்லத் திறப்பார்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கிணற்றடியில் அண்ணன், "தம்பி, என்னை மன்னித்துவிடு" என்பான். அத்தோடு சரி.

கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேச்சியை மட்டும் அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

அண்ணன் சொல்லுவான்: "அந்தப் பயகிட்டப் போய்ச் சொல்லு, மாட்டைப் பிடிச்சுக் கட்டலேன்னா அவன் காலை ஒடிப்பேன்னு." பேச்சி வரப்பைத் தாண்டுவாள். தம்பியிடம், "உங்க அண்ணாச்சிக்கு உங்க கால் மேல ஒரே நெனப்பா இருக்கு. ஓடி ஓடி மாட்டைப் பிடிச்சா வலிக்குமேன்னு கவலப்படுதாக" என்பாள். தம்பி பதிலுக்கு ஒரு வசவைக் கொடுத்தனுப்புவான். அதையும் தலைகீழாக்கி அண்ணனிடம் சேர்ப்பாள். நடுவில் இருவரையும் தன் கணக்கில் இரண்டு திட்டுத் திட்டிக்கொள்வாள்.

மூன்றாம் அத்தியாயம் சுற்றி வருவதற்குள் ஊரில் இரண்டு பேர் வாய் கொடுத்தால், "இவ பெரிய பேச்சி" என்பது வழக்கமாகிவிட்டது. தாசில்தார் வீட்டுச் சமையல்காரர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டேன். வாசகசாலையில் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். "சாகிற ஆளு மேல கொஞ்சம் பிரியம் இருந்தாத்தான் சாவு கனக்கும் தம்பி" என்றார்.

நான்காம் அத்தியாயத்தில் பாம்பு கடித்தது. செத்தாள் என்பதை ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரிக்கு வைத்திருந்தார். அதுதான் பிசகு.

பத்திரிகை நெசவாளர் தெருவுக்குப் போன மறுநாள் காலை, நான் ஆஸ்பத்திரியில் மருந்தறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு பெண் சீசாவை நீட்டினாள். கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தையும் நீட்டினாள்.

"இது என்ன?"

"புத்துமண்ணு அண்ணாச்சி. இப்பத்தான் கோயில்ல எடுத்தது."

எங்கள் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினால் விஷம் இறங்கும், தீராத நோயும் தீரும் என்பது ஊர் நம்பிக்கை. அவருக்கும் அதில் மறுப்பு கிடையாது. மருந்து வேறு, மண் வேறு என்பார்.

"பிள்ளைக்கு இருமல்தான? அதுக்கு நான் மருந்து தாரேம்லா?"

"இது பிள்ளைக்கு இல்ல. பேச்சிக்கு."

"எந்தப் பேச்சி? எந்தக் கட்டில்ல கெடக்கா?"

"உங்க பேச்சிதான். பாம்பு கடிச்சுக் கெடக்காள்லா."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இந்தா பாரும்மா, அவ கதையில வாரவ. நெசத்துல அப்படி ஒரு ஆளே கெடையாது."

"இல்லாத ஆளையா பாம்பு கடிச்சுது? கடிக்க விடத் தெரியுது, ஒரு துளி மண்ணு பூசத் தெரியலியோ?"

"பூசச் சொல்லுட்டி" என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல். "பொட்டலத்த வாங்குற வரைக்கும் நகராதே."

வாங்கிக்கொண்டார். அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பார். சாயங்காலம் சுவாமி சன்னதித் தெருப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். அவருக்குச் சீக்கு ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளித் தகட்டில் செய்த சின்னப் பாம்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். பாம்புக்கடி பட்டவர்களுக்காகக் கோயிலில் செலுத்தும் காணிக்கை.

"வீட்டுல நேந்துக்கிட்டா கம்பவுண்டரே. நாளைக்கு உண்டியல்ல போட்டு, ஒரு அர்ச்சனையும் பண்ணிரலாம்னு இருக்கோம். பேச்சிக்கு என்ன நட்சத்திரம்?"

"என்னது?"

"அர்ச்சனைக்குப் பேரு நட்சத்திரம் சொல்லணும்லா. பேரு தெரியும். நட்சத்திரம் நீருதான சொல்லணும்?"

அந்த ஆளைக் கிளப்பினால் போதும் என்று கம்பவுண்டர், "சுவாதி" என்றார்.

மறுநாள் அம்மன் சன்னதியில், சுவாதி நட்சத்திரத்தில் பிறந்த பேச்சி நாமதேயத்துக்கு அர்ச்சனை நடந்தது. அன்று சாயங்காலம் அவர் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இனிமே அவ செத்தா கதை பொய்க்காது தம்பி, அம்மன் பொய்ச்சுப் போவா. புத்துமண்ணும் பூசியாச்சு, வெள்ளிப் பாம்பும் போட்டாச்சு, அர்ச்சனையும் ஆச்சு. அதுக்குப் பொறவும் செத்தான்னு எழுதிட்டு இந்த ஊருல நான் எப்படி மருந்து கொடுக்க?"

"அப்போ?"

"ஒரே ஒரு அத்தியாயம் முழிச்சு இருக்கட்டும். அடுத்ததுல வேற ஏதாவது பாத்துக்கிடலாம். அத்தோட சரி."

ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியில் பேச்சி கண்ணைத் திறந்து, "கஞ்சி ஆறிப் போச்சா?" என்று கேட்டாள். நெசவாளர் தெருவில் அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்குவாளியில் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சியை அவரால் தொட முடியவில்லை. பேச்சி இருக்கிறவரை அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் பேசாமல் கதை முடியாது. வாசகர்களுக்கோ அண்ணனும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். பேச்சி வந்தால் போதும். பன்னிரண்டு வெட்டும் தீர்ந்தன. பலகையில் அதன் கீழே இன்னொரு காகிதம் ஒட்டினார். அதுவும் தீர்ந்து, மூன்றாவது காகிதம் பலகையின் முனையில் மடங்கி அடிப்புறத்துக்குப் போயிற்று.

பேச்சி திருடனைப் பிடித்தாள். கொழும்புக்குப் போய்க் குடையோடு திரும்பினாள். அவளைப்போலவே இன்னொருத்தி ராயகிரியில் இருப்பதாகத் தெரியவந்தது. கிணற்றுக்காரர்கள் இருவரும் கிணற்றின் இரண்டு பக்கத்தில் நின்றது நின்றபடி இருந்தார்கள். ஒரு அத்தியாயத்தில் பெருமழை பெய்தது. அவர்கள் நனைந்தார்களா என்றுகூட அவர் எழுதவில்லை. பிரதியின் ஓரங்களில் வாசகர்கள் தாங்களே யோசனை எழுத ஆரம்பித்தார்கள். சுவாதி நட்சத்திரத்துக்கு இந்த ஆவணியில் கல்யாணம் கூடிவர வேண்டுமே, ஏன் வரவில்லை என்று ஒருவர் பஞ்சாங்கத்தோடு கேட்டிருந்தார். எங்களுக்கு வெண்பா எழுதிக்கொண்டிருந்த சர்வேயர் விலகிக்கொண்டார். "பேச்சிக்கு முன்னாடி என் வெண்பாவை வச்சா ஜனங்க அந்தப் பக்கத்துல வெத்தில மடிக்காங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கறை இருந்தது உண்மைதான்.

கம்பவுண்டர் மெலிந்துபோனார். கல்யாண வீடுகளில் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார், எழுந்து போனால் எழுத வேண்டுமே என்று.

"எப்படி முடிக்கணும்னு எனக்குத் தெரியும் தம்பி. தகர டப்பாவுல இருக்கு. அங்க போகத்தான் வழியில்ல. வழியில பேச்சி நிக்கா."

"யாரு கேக்கா? டப்பாவுல இருக்கறதைப் போட்டு முடிச்சிருங்க."

முடியாது என்று கையை ஆட்டினார். மதினிதான் பிறகு, அவர் இல்லாத நேரத்தில், எனக்குக் காரணம் சொன்னாள். பனவடலிசத்திரத்தில் அவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். பொதுக் கிணறு. ஒரு கோடையில் முறை தவறிப்போன சண்டை. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. திங்கட்கிழமை தோறும் வத்தல் மண்டிக்கு வருவார். ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போவார்.

"மண்டியில படிக்கும்போது அவுக காதுல விழட்டும்னுதான் இந்தக் கதையே. முடிவ அவுக கேக்கணும்னுதான் இவுகளுக்கு" என்றாள் மதினி. "இப்ப முடிவே வரமாட்டேங்குது. அந்தச் செறுக்கி விடமாட்டேங்காளே."

பேச்சியை மதினி ஒருத்திதான் ஊரில் அப்படிச் சொன்னவள்.

கடைசியில் துணிந்துவிட்டார். ஒரு அத்தியாயத்தின் முடிவில், சந்தைக்குப் போய்த் திரும்பிய பேச்சிக்கு ஒரு முறை வாந்தி வந்தது என்று எழுதினார். வேறு ஒன்றும் எழுதவில்லை. வாந்திபேதி என்றால் எல்லாருக்கும் தெரியும். அடுத்த அத்தியாயத்தில் முதல் வரியிலேயே சாவு. அதற்கு அடுத்ததில் டப்பாவைத் திறந்துவிடுவது என்று தீர்மானம். "ஊரு ரெண்டு நாள் ஏசும். ஏசிட்டுப் போகட்டும்" என்றார். சாவு எழுதிய தாளைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

நான் போனபோது வரிசை வாசல்வரை நின்றது. மருந்தறைக்குள் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். தாள் அவர் சட்டைப் பையில் மடித்தபடி தெரிந்தது. அவர் வழக்கம்போல நிமிராமல் ஜன்னலுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். சீசா வந்தது, மருந்து போனது. ஒரு முறை நீட்டிய கை வெறுமனே நின்றது.

"சீசா?"

"கொண்டுவரல."

அவர் நிமிர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் தலைப்பாகைத் துண்டோடு ஒரு பெரிய ஆள். இவரையே இரண்டு மடங்கு பருமனாக்கி வெயிலில் நிறுத்தியது போன்ற முகம். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாருக்கு உடம்புக்கு?" என்று கம்பியைப் பார்த்துக் கேட்டார் கம்பவுண்டர்.

"பேச்சிக்கு."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளக் கொன்னுராதலே. மண்டியில கேட்டத வீட்டுல போய்ச் சொன்னேன். உங்க மதினி ஒரு வாரமா நல்லாக் கஞ்சி குடிக்கல."

"மதினியா?"

"நானுந்தான்."

கம்பவுண்டர் அளவுக் கிளாசை எடுத்தார், கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "கதையில அந்த அண்ணன் தம்பி வாரானுவளே" என்றார்.

"எந்த அண்ணன் தம்பி?"

"கெணத்துக்காரனுவ."

"அவனுவளா?" பெரியவர் கையை உதறினார். "கிறுக்குப் பயலுவ. ஒரு கெணத்துக்காவ இம்புட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பானுவ? அவனுவள எழுதி எதுக்குக் காகிதத்தக் கெடுக்க? பேச்சிய எழுது."

"நல்லாச் சொல்லுங்க பெரியவரே" என்றாள் பின்னால் நின்ற பெண். "எங்க சொல்லி இவரு கேக்கல."

பெரியவர் போகத் திரும்பினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று பார்த்தார்.

"என்னலே இப்படி வத்திப்போய்க் கெடக்க? சாப்பிடுதியா இல்லியா?"

"சாப்பிடுதேன்."

"என்னத்தச் சாப்பிடுத" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த பெண் சீசாவை நீட்டினாள். கம்பவுண்டர் மருந்தை ஊற்றினார். காகிதத்தை வெட்டினார், ஒட்டினார், நீட்டினார். "அத்தோட சரி" என்று சொல்ல மறந்துபோனார். அந்த வழியாக வந்த டாக்டர் சீசாவை வாங்கிப் பார்த்தார்.

"என்னவே இது? ஆறு வேளைதான் எழுதியிருக்கேன், ஏழு வெட்டியிருக்கீரு?"

கம்பவுண்டர் அதை வேறு யாரோ வெட்டியது போலப் பார்த்தார். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு காகிதம் வெட்டினார். டாக்டர் போகாமல் நின்றார்.

"ஆமா, பேச்சி பொழைச்சுக்கிடுவாளா?"

"பொழைச்சுட்டா டாக்டர்."

நான் கையை நீட்டினேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "வேற எழுதித் தாரேன் தம்பி" என்றார். எங்கள் பத்திரிகை முதல் முறையாகத் தாமதமாக வந்தது.

அதன் பிறகு வந்த அத்தியாயங்களை நான் எப்படி எழுதினேன் என்பது என் விரல்களுக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை தோறும் பெரியவர் ஜன்னலுக்கு வந்தார். மண்டியில் கேட்டதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார். இனி என்ன வர வேண்டும் என்பதையும் சொன்னார். கிணற்றைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் துண்டில் முடிந்து வெள்ளரிக்காய் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கம்பவுண்டர் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். மற்றதை எண்ணெய்த்தாளில் சுற்றி, மருந்து அலமாரியில் பூட்டிவைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அண்ணன் சொன்னது எதையும் அவர் தட்டவில்லை. பேச்சியின் வழியில் ஒரு கரடி வந்தது. அவள் அதைக் கலயத்தால் அடித்து விரட்டினாள். பிறகு குதிரை ஏறினாள்.

"அண்ணாச்சி, கஞ்சி சுமக்கிறவளுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?"

"எங்க அண்ணன் ஏறச் சொல்லுதான் தம்பி. ஏறட்டும்."

எந்த ஊரும் இவ்வளவுதான் தாங்கும். குதிரையோடு நெசவாளர் தெரு கழன்றுகொண்டது. ராயகிரிப் பேச்சி உண்மையில் ஒரு ராஜகுமாரி என்று தெரிந்தபோது பாத்திரக்கடைக்காரர் வெள்ளிப் பாம்பைப் பற்றி வருத்தமாக ஏதோ சொன்னார். பத்திரிகை வீடுகளுக்குப் போய்ப் பிரிக்காமலே திரும்பி வந்தது. பேச்சி என்று யாரையும் யாரும் இப்போது ஏசவில்லை. வத்தல் மண்டியில்கூடக் கணக்கப்பிள்ளை படிக்க, ஒரே ஒருவர் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார் என்று கேள்விப்பட்டேன். வாசகசாலைக் கூட்டத்தில் தொடரை நிறுத்திவிடலாம் என்று தீர்மானம் வந்தது. அவரை முடிக்கச் சொல்லி நானே போய்க் கேட்டேன். அந்த ஊரில் முடிக்கத் தெரிந்தவர் என்றால் அவர்தானே.

"இன்னும் கொஞ்சம் போகட்டும் தம்பி" என்றார்.

பத்திரிகை நின்றுபோனது. வெண்பாக்காரர் திரும்பி வரவில்லை. வேறு யாரும் எழுதித் தரவும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அது பேச்சிக்கு முன்னால் நல்ல பத்திரிகை.

அந்த மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சீசாவோடு போனேன். சிவப்பு மருந்து கொடுத்தார், ஆறு வேளை. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மருந்து குறையக் குறைய, ஒட்டியிருந்த காகிதத்தின் உட்புறத்தில் எழுத்து இருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் கையெழுத்துதான். கடைசி வேளையைக் குடித்துவிட்டுச் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டுகளுக்கு நடுவே, அறுபட்ட வரிகளாக, 'தம்பி, என்னை ம' என்று இருந்தது. கீழே, 'கிணற்றுநீர் அவன் கண்ணீ' என்று இருந்தது. தகர டப்பாவில் இருந்த கடைசி அத்தியாயம்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மருந்துக்கு ஒட்ட ஆஸ்பத்திரியில் காகிதம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது ஆகாது தம்பி. நல்லாத்தான் எழுதியிருந்தேன். ஆனா அதுல அண்ணன் மன்னிப்பு கேக்கான். எங்க அண்ணன் அப்படில்லாம் பேசமாட்டான்." பிறகு பழைய குரலில், "சீசாவக் கழுவிட்டுக் கொண்டாரும். காகிதம் ஒட்டியிருக்கப்படாது" என்றார்.

கழுவினேன். எனக்கும் எதையும் அரைகுறையாக விடப் பிடிக்காது. காகிதம் ஊறி, மை நீலமாகக் கரைந்து முற்றத்தில் ஓடியது.

சீசாவைத் திருப்பிக் கொடுக்கத் திங்கட்கிழமை போனேன். வரிசை வெயிலில் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நின்றது, முனகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஆள் இல்லை. மருந்தறைக்குள் எட்டிப் பார்த்தேன். நான் வழக்கமாக உட்காரும் முக்காலியில் பெரியவர் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, பேச்சி எப்படிக் கடலைத் தாண்டப்போகிறாள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை இனி யாரும் எழுதப்போவதும் இல்லை, படிக்கப்போவதும் இல்லை. கம்பவுண்டர் மேஜை மேல் சாய்ந்து, பசை காய்ந்த விரலால் தாடையைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடல் தாண்டிக் கரை ஏறிய இடத்தில் பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றார் கம்பவுண்டர்.